நீர்மூழ்கி வண்டை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியக் குளங்களில் பரவலாக வாழும் பெரிய நீர்மூழ்கி வண்டின் அறிவியல் பெயர் டைட்டிஸ்கஸ் மார்ஜினாலிஸ். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம், கரும்பச்சை முதுகு, மஞ்சள் விளிம்பு ஆகியவற்றை மட்டும் பார்த்து இதற்குப் பெயர் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

நீரில் வாழும் பெரிய கரிய வண்டுகள் எல்லாம் நெருங்கிய உறவினங்கள் என்று எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை. உயிரின வகைப்பாட்டின் முன்னோடியான லின்னேயஸே 1758இல் இந்த வண்டையும், இன்று ஹைட்ரோஃபிலஸ் பைசியஸ் எனப்படும் பெரிய கருவண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார். இப்போதைய வகைப்பாட்டின்படி நீர்மூழ்கி வண்டு தரைவண்டுகளோடு அடிஃபேகா என்னும் துணைவரிசையிலும், அந்தக் கருவண்டு நம் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டோடு பாலிஃபேகா என்னும் துணைவரிசையிலும் அடங்குகின்றன.

இரண்டையும் ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டுச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். நீர்மூழ்கி வண்டு பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்புகள்போல் ஒருசேர வலித்து நீந்தும். மூச்செடுக்க வாலை மேலே நீட்டி, சிறகுகளுக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொள்ளும். கருவண்டோ கால்களை மாற்றி மாற்றி அசைத்து, தலைப்பக்கமாக மேலே வந்து, குண்டாந்தடி போன்ற தன் உணர்கொம்பால் நீர்ப்பரப்பைக் கிழித்துக் காற்றெடுக்கும். அந்தக் காற்று அதன் வயிற்றடியில் வெள்ளித் தகடுபோல் மின்னுவது பார்க்கத் தெவிட்டாத காட்சி. கருவண்டின் வாயருகே நீண்டிருக்கும் மெல்லிய உறுப்புகளை உணர்கொம்புகள் என்று மயங்கிவிடக் கூடாது.

முதுகில் நீள்பள்ளங்கள் கொண்ட வண்டை வேறு இனமாகக் கொள்வதும் தவறே. டைட்டிஸ்கஸ் மார்ஜினாலிஸின் பெண் வண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆண்களைப் போலவே வழவழப்பான முதுகுடைய பெண்களும் உண்டு என்பதால், முன்னங்காலில் ஒட்டுறிஞ்சித் தட்டு இருக்கிறதா என்று பார்ப்பதே ஆணை அறிய நம்பகமான வழி.

தமிழகக் கண்மாய்களிலும் ஏரிகளிலும் பிடிபடும் மஞ்சள் விளிம்பு வண்டுக்கு இந்த ஐரோப்பியப் பெயரைச் சூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். டைட்டிஸ்கஸ் வடபுலக் குளிர்நாடுகளின் பேரினம். இங்குள்ளவை அதே குடும்பத்தைச் சேர்ந்த சைபிஸ்டர் பேரினத்தவை. டைட்டிஸ்கஸ் மார்ஜினாலிஸின் கழுத்துப்பட்டையில், அதாவது தலையை அடுத்துள்ள முதுகுத் தகட்டில், நான்கு புறமும் மஞ்சள் ஓடும். நம் சைபிஸ்டர் டிரைபங்டேட்டஸில் பக்கவாட்டில் மட்டுமே காணப்படும். ஆகவே படமெடுக்கும்போது முதுகோடு நிறுத்திவிடாமல், கழுத்துப்பட்டையையும் அடிப்பகுதியையும் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.