ஜன்னல் கண்ணாடி மாற்றுவது எப்படி: நெருக்கினால் மறுபடி உடையும்

ஜன்னல் கண்ணாடி உடைந்ததும் துடைப்பத்தைத் தேடாதீர்கள். முதலில் விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் விரிசல் பிரிந்திருந்தால் ஏதோ வந்து மோதியிருக்கிறது. அதில் ஆராய ஒன்றுமில்லை. யாரும் தொடாமலே ஒரு மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் சட்டத்தைச் சந்தேகியுங்கள். அங்கே ஓர் ஆணி கண்ணாடியை முட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது மரம் மழையில் ஊறிப் பருத்து நெருக்கியிருக்கலாம். ஓரத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பி, பிறகு வளைந்து வளைந்து செல்லும் ஒற்றை விரிசல் பெரும்பாலும் வெயிலின் வேலை. கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரிகிறது; சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் அவ்வளவு சூடாவதில்லை. இந்த இழுபறியில் ஓரம்தான் தோற்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் அதே மூலையில் உடையும். இந்த வேலை முழுவதையும் நடத்துவது ஒரே விதிதான்: கண்ணாடி சட்டத்துக்குள் ஆடக் கூடாது, ஆனால் கெட்டியான எந்தப் பொருளும் அதன் விளிம்பைத் தொடவும் கூடாது. மரம், அலுமினியம், ஆணித்தலை எதுவானாலும் சரி. புதிதாகச் செய்பவர்கள் கண்ணாடி சரியாகப் பொருந்த வேண்டும் என்று நினைத்து நெருக்கமாக அளவெடுக்கிறார்கள். வினையே அங்கேதான் தொடங்குகிறது.

எந்த ஜன்னலில் கை வைக்கக் கூடாது

மாடியில் வெளிப்பக்கமிருந்து ஏணியில் நின்றுதான் செய்ய முடியும் என்றால் இந்த வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு இரு கைகளாலும் கண்ணாடியைப் பிடிக்க முடியாது. திறந்து மூடும் கதவாக இருந்தால் கவலையில்லை. கீல்களைக் கழற்றி, கதவை இறக்கி மேசைமேல் படுக்க வைத்தே செய்யலாம். தரைத்தள ஜன்னலுக்கும் இதுவே வசதி.

எடையையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ இருக்கும். 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டர் என்றால் 10 கிலோ. அதற்கு மேல் போனால் இன்னோர் ஆள் வேண்டும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றோ வாயுவோ அடைத்து முத்திரையிட்ட இரட்டைக் கண்ணாடி என்றால், உடைந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. முழுத் தொகுதியையும் அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும்.

சில்லுகளை அகற்றுதல்

தடித்த தோல் கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு இரு பக்கமும் தரையில் பழைய போர்வை விரியுங்கள்.

கண்ணாடி விரிசலோடு இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அகலமான டேப் ஒட்டுங்கள். விழும்போது சில்லுகள் சிதறாமல் ஒன்றோடொன்று தொங்கும். பிறகு மேலிருந்து கீழாக எடுத்து வாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கீழ்த்துண்டை முதலில் உருவினால், மேலே பிடிப்பற்று நிற்கும் துண்டு நேராக மணிக்கட்டின்மேல் இறங்கும். ஒவ்வொரு துண்டையும் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால், கண்ணாடியின் ஓரத்தை அடைத்திருக்கும் பழைய பட்டி பிடியை விடும். பிடிவாதமாக நிற்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பட்டியைச் சுரண்டும்போது தானே வரும்.

துண்டுகளைத் தடித்த அட்டைப்பெட்டியில் போட்டு, மூடி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். குப்பை எடுப்பவரின் கையும் கைதானே. பாட்டில்களைச் சேர்க்கும் மறுசுழற்சித் தொட்டியில் ஜன்னல் கண்ணாடியைப் போடாதீர்கள்; இரண்டின் கலவையும் ஒன்றல்ல.

பெருக்கி முடித்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த துகள் ஒவ்வொன்றும் மின்னிக் காட்டிக்கொடுக்கும். ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

பீடிங்கையும் பழைய பட்டியையும் கழற்றுதல்

மர ஜன்னல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கண்ணாடியைப் பீடிங் எனப்படும் மெல்லிய மரத்துண்டுகள் நான்கு பக்கமும் பிடித்திருக்கும். மற்றதில் முக்கோணமாக இழைத்த பட்டி இருக்கும்.

பீடிங்காக இருந்தால் நான்கில் நீளமானதில் தொடங்குங்கள். மூலையில் நெம்பினால் ஒடிந்துவிடும். நடுவில் மெல்லிய உளியையோ பட்டித் தகட்டையோ சொருகி, வில் போல் வளையும்வரை மெல்ல நெம்ப வேண்டும். அப்போது இரு முனைகளும் மூலைப் பொருத்திலிருந்து தாமே விடுபடும். கழற்றியதும் பின்பக்கம் மேல், கீழ், இடம், வலம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். பார்வைக்கு நான்கும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பீடிங்கில் தங்கிய ஆணிகளை முன்பக்கமாக அடித்து வெளியேற்றாமல், பின்பக்கமிருந்து குறடால் பிடித்து இழுத்துவிடுங்கள். முன்முகம் சிதறாமல் தப்பும்.

பட்டியாக இருந்தால் பொறுமைதான் ஆயுதம். ஆண்டுக்கணக்கில் காய்ந்த பட்டி கல்லாக இருக்கும். பழைய உளியைச் சாய்த்துப் பிடித்து, சிறு சிறு தட்டாகத் தட்டிப் பெயர்த்தெடுங்கள். வெப்பக் காற்று பாய்ச்சினால் பட்டி இளகும் என்பது உண்மைதான், பக்கத்துக் கண்ணாடியும் அந்தச் சூட்டில் விரிசல் விடும் என்பதும் உண்மை. பல பத்தாண்டு பழைய பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சூடாக்கவோ, உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

எல்லாம் நீங்கியதும் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடி முழுவதையும் விரலால் (கையுறையோடுதான்) தடவிப் பாருங்கள். பட்டித் துணுக்கு, ஒடிந்த ஆணி, பெயிண்ட் கட்டி என்று எது தட்டுப்பட்டாலும் எடுத்துவிடுங்கள். முன்பு விரிசல் கிளம்பிய மூலை நினைவிருக்கிறதல்லவா? அங்கே இரண்டு முறை தடவுங்கள். மரம் மட்கியிருந்தால் மட்கிய பகுதியைச் சீவிவிட்டு மர நிரப்பியால் சமன் செய்யுங்கள்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகிற வேலை. வெறும் மரமாகத் தெரியும் இடமெல்லாம் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்துக் காய விடுங்கள். ஜன்னலுக்கான பட்டி என்பது சுண்ணக்கட்டித் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தது. பூசாத மரம் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும். எண்ணெய் போன பட்டி வறண்டு வெடித்து உதிரும். இரண்டே வருடத்தில் பட்டி உதிர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் ஜன்னலில் பெரும்பாலும் இந்தப் பூச்சு இருக்காது.

அளவெடுத்தல்

அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களிலும் எடுங்கள். காடியின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை, மில்லிமீட்டரில். மூன்றில் சிறியதே உங்கள் கணக்கு. அதிலிருந்து 4 மி.மீ. கழியுங்கள். காடிக்கு உள்ளே 602, 600, 601 என்று அகலம் வந்தால், கடையில் சொல்ல வேண்டியது 596. பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும்; கண்ணாடி விரியவும் மரம் ஊதவும் அந்த இடம் போதும்.

மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை அந்த இடைவெளியே விழுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் அளவை எழுதிக்கொண்டு போவதில் பயனில்லை. தடித்த அட்டையைக் காடிக்குள் தளர்வாக உட்காரும்படி வெட்டி, எந்தப் பக்கம் வெளிமுகம் என்று குறித்து, அட்டையையே கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி வாங்குதல்

வெட்டும் வேலையைக் கடைக்காரரிடமே விடுங்கள். கண்ணாடி வெட்டும் சக்கரம் மலிவாகவே கிடைக்கும் என்றாலும், ஒரே ஒரு ஜன்னலுக்காக அந்தக் கைப்பழக்கத்தை வளர்த்துக்கொள்வது நேரத்துக்கும் கண்ணாடிக்கும் கேடு. வெட்டிய விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கை பத்திரமாக இருக்கும். விரிசல் தொடங்க வழி தேடும் நுண்ணிய வெட்டுகளும் குறையும்.

சாதாரண ஜன்னலுக்கு 4 மி.மீ. போதும், பெரிய பரப்புக்கு 5 அல்லது 6. உடைந்த துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் தடிமன் பற்றிய சந்தேகமே வராது. கதவு, தரையோடு ஒட்டிய தாழ்ந்த ஜன்னல், குளியலறை ஆகிய மூன்று இடங்களுக்கும் சாதாரணக் கண்ணாடி வேண்டாம். கடினமாக்கிய கண்ணாடியோ, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியோ கேளுங்கள். முன்னது உடைந்தால் கத்திபோன்ற சில்லுகளாகாமல் சிறு கட்டிகளாக உதிரும். பின்னது உடைந்தாலும் படலத்தோடு ஒட்டி நிற்கும். ஆனால் கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, ஓரத்தில் வெட்ட முயன்றாலே முழுவதும் நொறுங்கும். ஆகவே அதற்கு அளவு தவறவே கூடாது.

பழைய வீட்டு ஜன்னல்களில் சில கண்ணாடிகள் லேசாக அலையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்க விட்டுத் தகடாக்கும் முறையை அலஸ்டேர் பில்கிங்டன் உருவாக்க, 1959இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று கடையில் கிடைப்பது அந்த முறையில் வந்த வழவழப்பான கண்ணாடிதான். பழையவற்றுக்கு நடுவே புதியது தனியாகத் தெரியும். அது கடைக்காரரின் குறையல்ல.

கண்ணாடியை எப்போதும் நிமிர்த்தியே தூக்குங்கள், நிமிர்த்தியே சாய்த்து வையுங்கள். படுக்க வைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே வளைந்து உடையலாம்.

பொருத்துதல்

பட்டியை உள்ளங்கையில் வைத்து, பிசைந்த மாவுப் பதத்துக்கு வரும்வரை உருட்டுங்கள். கையில் ஒட்டினால் எண்ணெய் மிகுதி; செய்தித்தாளில் உருட்டினால் மிகுதியைக் காகிதம் உறிஞ்சிவிடும். காடியைச் சுற்றிலும் 3 மி.மீ. தடிமனுக்கு ஒரு படுகை இடுங்கள். கீழ்க்காடியில், இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் கால் பங்கு தள்ளி, 2 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் துண்டு இரண்டை வையுங்கள். கண்ணாடியின் எடை முழுவதையும் தாங்கப்போவது அவைதான்.

கண்ணாடியின் அடி விளிம்பை அந்த ரப்பர்மேல் முதலில் உட்கார வைத்து, மேல்பக்கத்தை மெல்லச் சாய்த்து உள்ளே தள்ளுங்கள். அழுத்துவது ஓரங்களில் மட்டும்தான். நடுவில் ஒருபோதும் கூடாது. உள்பக்கம் பட்டி பிதுங்கி வந்து சீரான கோடாக நிற்க வேண்டும். எங்காவது பிதுங்காமல் இருந்தால் அங்கே படுகை போதவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பட்டி வையுங்கள்.

இனி பிடிமானம். பட்டி ஜன்னலுக்கு, தலையற்ற சிறு ஆணிகளை 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, மூலைகளை விட்டுத் தள்ளி, பாதி வரை அடியுங்கள். கண்ணாடிமேல் ஓர் அட்டையை வைத்து, சுத்தியலை ஓங்காமல் அட்டையோடு சறுக்கவிட்டுத் தட்ட வேண்டும். ஆணி கண்ணாடியின் முகத்துக்கு முன்னால் படுத்து நிற்க வேண்டுமே தவிர அதை நெருக்கக் கூடாது. கண்ணாடியை உண்மையில் பிடித்திருப்பவை இந்த ஆணிகள். பட்டியின் வேலை தண்ணீரைத் தடுப்பது.

பிறகு வெளிப்பக்கம் பட்டியை அப்பி, நனைத்த பட்டித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே இழுப்பாக இழையுங்கள். தகடு இழுபட்டால் மறுபடி நனையுங்கள். இழைத்த பட்டியின் விளிம்பு, உள்ளே இருந்து பார்க்கும்போது சட்டத்துக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. அதைவிட 2 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். ஏன் என்பது பெயிண்ட் அடிக்கும்போது தெரியும்.

பீடிங் ஜன்னலுக்குப் பீடிங்கின் பின்முகத்திலும் மெல்லிய பட்டி தடவி, குட்டையானவற்றை முதலிலும் நீளமானவற்றைப் பிறகும் பொருத்துங்கள். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் மெல்லிய மரம் பிளக்காது.

அலுமினியச் சட்டமாக இருந்தால்

சறுக்கும் ஜன்னலில் கதவை மேல்நோக்கித் தூக்கி, அடிப்பக்கத்தை உங்கள் பக்கமாக இழுத்தால் தடத்திலிருந்து வெளியே வரும். பக்கச் சட்டத்தின் மேலும் கீழும் உள்ள திருகுகளைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் சட்டம் விலகும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் விறைத்திருந்தால் புதிது வாங்குங்கள். அலுமினியம் கண்ணாடியைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விரியும். ரப்பர் இல்லாமல் உலோகத்தோடு கண்ணாடியை முட்ட விட்டால் முதல் கடும் கோடையிலேயே விரிசல் கிளம்பலாம். சிலிக்கோன் பூசுவதானால் ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். சாதாரணச் சிலிக்கோன் மீது பெயிண்ட் ஒட்டாது என்பதால் மர ஜன்னலுக்கு அது சரிப்படாது.

பெயிண்ட்

எண்ணெய்ப் பட்டி மேல்தோல் கட்ட ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். விரலால் தொட்டால் தடம் விழாத பக்குவம் வந்ததும் பெயிண்ட் அடிக்கலாம். அதுவரை ஜன்னலை வேகமாகச் சாத்த வேண்டாம். பெயிண்ட், பட்டியைத் தாண்டிக் கண்ணாடிமேலும் 2 மி.மீ. ஏற வேண்டும். தாழ்த்தி இழைக்கச் சொன்னது இதற்குத்தான்: ஏறிய பெயிண்ட் உள்ளிருந்து கண்ணில் படாது, மழைநீர் பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்க வழியும் இருக்காது. அதனால் ஓரத்தில் டேப் ஒட்டுவதானால் அந்த 2 மி.மீட்டரை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். கண்ணாடியில் படிந்த எண்ணெய்க் கறையை உலர்ந்த சுண்ணக்கட்டித் தூளைத் தூவித் துணியால் துடைத்தால் போய்விடும்.