முதியோர் இல்லம் பார்க்கக் கிளம்பும் முன்: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பத்து இருபது படுக்கை உள்ள சின்ன தனியார் ஆஸ்பத்திரி. வயதானவர் மாதக்கணக்கில் தங்கும் இடத்துக்கு ‘முதியோர் இல்லம்’ என்றுதான் போர்டு இருக்கும். அந்த ஒரே போர்டுக்குப் பின்னால் மூன்று வகை இடங்கள் உண்டு. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கான ஓய்வுக்கால வீடுகள் (கோயம்புத்தூர் பக்கம் நிறைய) ஒன்று. குளிக்க, உடுத்த, மாத்திரை போட ஆள் உதவும் இல்லம் இன்னொன்று. படுத்த படுக்கையாக இருப்பவரையும் மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் போட்டவரையும் நர்ஸ் வைத்துப் பார்க்கும் இடம் மூன்றாவது. முதல் வகையில் சேர்த்துவிட்டு மூன்றாம் வகைக் கவனிப்பை எதிர்பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

டிஸ்சார்ஜ் அன்றே முடிவெடுப்பது

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து, “நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே இல்லங்களுக்கு போன் போடுகிறார்கள். அன்று அம்மா இருக்கும் நிலை நிரந்தரமல்ல. பிசியோதெரபி ஒழுங்காக நடந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் நடை கணிசமாகத் திரும்புவது உண்டு. அந்த இடைவெளிக்கு மட்டும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பல இல்லங்கள் ஒப்புக்கொள்ளும்.

மனக்குழப்பமும் அப்படித்தான். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். நான்கே நாளில் ஆளை அடையாளம் தெரியாமல் போனால் வேறு காரணம் தேட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, கடும் மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை. மெல்ல வந்த மறதி என்றாலும் இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது கேட்காததால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்பவரை ‘புத்தி தடுமாறிடுச்சு’ என்று சேர்த்துவிடும் வீடுகளும் உண்டு.

கணக்கு எழுதாமல் ‘முடியல’ என்பது

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். குளியல், உடை, கழிப்பறை, எழுந்து நடப்பது, சாப்பாடு, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு: இந்த ஆறில் எதற்கு ஆள் வேண்டியிருந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் தூக்க வேண்டியிருந்தது. அதன் பக்கத்திலேயே, கீழே விழுந்தது, மாத்திரை தவறியது, அடுப்பை அணைக்க மறந்தது எல்லாவற்றையும் குறியுங்கள்.

நோட்டு சில நேரம் வேறு வழியைக் காட்டும். இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுவதுதான் தொல்லை என்றால், நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டு, கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி போட்டாலே வீடு தூங்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும்தான் தேவை என்றால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம். மாறாக, இரவில் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நிலையில் வீட்டில் இருப்பது எழுபது வயது மனைவி மட்டும் என்றால், பாசத்தைச் சொல்லித் தள்ளிப்போடுவது இரண்டு நோயாளிகளை உண்டாக்கும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வீடியோ காலில் மட்டும் அப்பாவைப் பார்க்கும் மகன் “இல்லமெல்லாம் வேண்டாம்” என்பார்; இரவில் எழுந்து துணி மாற்றுவது மருமகள். அந்த முடிவில் மருமகளின் பேச்சுக்குத்தான் எடை அதிகம் இருக்க வேண்டும்.

பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்ப்பது

முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். தோட்டம், பிள்ளையார் கோயில், சைவச் சாப்பாடு என்று காட்டி அனுப்புவார்கள். உங்கள் நோட்டில் உள்ள சிக்கல் இரவு இரண்டு மணிக்கு நடப்பது என்றால், அந்த நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போங்கள். மாத்திரை கொடுத்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவு எட்டு மணி மாத்திரைக் கட்டத்தில் ஐந்து மணிக்கே டிக் விழுந்திருந்தால் அந்தப் பதிவேட்டை நம்ப முடியாது. படுக்கையில் இருப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைத்த நேரம் எழுதிய தாள் இருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான அளவு. அது தவறினால் புண் முதலில் வால் எலும்பிலும் குதிகாலிலும் வரும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் தொடக்கம்.

அழைப்பு மணி படுத்த இடத்திலிருந்தே எட்ட வேண்டும். அழுத்திப் பார்த்துவிட்டு, ஆள் வரும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. அங்கே இருப்பவர்களின் விரல் நகத்தைப் பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது

டயபர், பிசியோ, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள் எல்லாம் பெரும்பாலும் தனி. ஒரு நாளைக்கு மூன்று டயபர், ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,600. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பது எழுத்தில் வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி: படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா? ‘தன் வேலையைத் தானே செய்யும்வரை’ என்ற வரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரவு யார் தங்குவது, இறந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்பதையும் கூசாமல் பேசிவிடுங்கள்.

இந்தப் பரபரப்பில் வீட்டை விற்பதும், பிள்ளை பெயருக்கு எழுதிவைப்பதும் வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழியைத் தருகிறது. தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

“கோயிலுக்குப் போறோம்” என்று கூட்டிப்போவது

பொய் சொல்லிக் கொண்டுபோய் விட்டால் நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், சாப்பிட மாட்டார். இரண்டு இடம் காட்டி எது பிடிக்கிறது என்று அவரையே கேளுங்கள். ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்று பேசுங்கள். வீட்டில் அவர் அறையைக் கலைக்காதீர்கள்.

சேர்க்கும் அன்றே எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம், அதாவது ஐம்பது கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். எடை மெஷின் இல்லாத இல்லம் என்றால் அம்மாவின் ஜாக்கெட் கையைப் பாருங்கள். போன மாதம் பிடித்தாற்போல் இருந்தது இப்போது தொளதொளவென்று தொங்கினால், அன்றே அவரோடு உட்கார்ந்து, மதியச் சாப்பாடு எப்படி வருகிறது, யார் ஊட்டுகிறார்கள், தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.