டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸைச் சோதிப்பது எப்படி? முதலில் மொட்டை மாடி, அப்புறம் பள்ளிக்கரணை

தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ ஜூம் புதிதாகக் கைக்கு வந்ததும் நம்மூர்க்காரர்கள் ஓடுவது, பறவைகள் கூடும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. தாராளமாகப் போங்கள். ஆனால் லென்ஸ் நல்லதா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்று முடிவெடுக்க அந்த இடம் சரிப்படாது.

1. செய்தித்தாளை விரித்து மாடிச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி ட்ரைபாடை நிறுத்துங்கள். 300 மி.மீ.யில், ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கு அந்தத் தூரத்தில் சுமார் 78 செ.மீ. அகலம் அடங்கும். விரித்த பேப்பர் கிட்டத்தட்ட ஃபிரேமை நிறைத்துவிடும். வரி விளம்பரப் பக்கமாக இருந்தால் மூலைவரை பொடி எழுத்து கிடைக்கும். டெஸ்ட் சார்ட்டுக்குக் காசு செலவழிப்பது வீண்.

2. ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்து, 2 விநாடி டைமர் வைத்து, லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் தெரியும் காட்சியைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் துவாரத்தின் முழுத் திறப்பில் ஒரு படம், துவாரத்தைச் சுருக்கி எஃப்/8-ல் ஒரு படம். நான் பார்ப்பது ஜூமின் நீள முனையில் (அதிகபட்ச மி.மீ.யில்), முழுத் திறப்பில் வரும் படத்தைத்தான். பறவை எடுப்பவருக்கு அங்கேதானே வேலை!

3. ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல் என்றால் உடனே லென்ஸைத் திட்டாதீர்கள். கேமரா சுவருக்கு நேராக இல்லாவிட்டாலும் இப்படித்தான் வரும். பேப்பரின் நடுவில் ஒரு சிறு கண்ணாடியைச் சுவரோடு ஒட்டியபடி வையுங்கள். ஃபிரேமின் நட்டநடுவில் உங்கள் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. அதன் பிறகும் ஒரே மூலை மங்கினால் கடைக்காரரிடம் பேசலாம்.

4. இனி சதுப்பு நிலம். வெயில் ஏறியதும் நீருக்கும் தரைக்கும் மேலே சூடான காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பூநாரையின் கால் அலையலையாக வளையும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் தப்பாது. சந்தேகமாக இருந்தால் பர்ஸ்டில் (விடாமல் தொடர்ந்து எடுக்கும் முறை) பத்துப் படம் தட்டி, ஒவ்வொன்றையும் முழு அளவில் பாருங்கள். மங்கல் படத்துக்குப் படம் இடம் மாறினால் அது காற்று. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். விடிந்ததும் போய், கிட்டத்தில் இருக்கும் நாரையை எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

5. பழைய லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோர ஈரத்துக்கு அது சுலபமாக வரும். விலை குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பின்சேர்க்கை: கார் ஜன்னல் வழியாக எடுத்தால் எல்லாமே மங்குகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏசியை அணைத்து, ஜன்னல்களை முழுக்க இறக்கி, உள்ளே இருக்கும் குளிர்காற்று வெளியேறும்வரை பொறுங்கள். குளிர்ந்த லென்ஸில் பனி படிந்தால் துடைக்க வேண்டாம், அதுவே காயும்.