பாட்டிலின் முன்பக்கத்தைப் படித்து ஏமாறாதீர்கள்

போன வருடம் ஹயலுரோனிக் ஆசிட் சீரம் ஒன்று வாங்கினேன். 30 மில்லி, 700 ரூபாய். காலையில் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நாலு சொட்டு பூசிக்கொண்டு கிளம்புவேன். ஆபீஸில் என் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே. மதியத்துக்குள் கன்னம் இழுத்துப் பிடிக்கும், சிரித்தால் வாயோரம் எரியும். ஈரத்துக்கென்று வாங்கியது இப்படிக் காயவைக்கிறதே என்று பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு பூசின விதத்தில் இருந்தது.

மேல்தோலை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான செத்த செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது சாந்து. நாம் பூசுகிற ஈரப்பதப் பொருள் எதுவானாலும் மூன்று வேலைகளில் ஒன்றைத்தான் செய்யும். கிளிசரின், ஹயலுரோனிக் ஆசிட், யூரியா போன்றவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். செராமைடும் சில எண்ணெய்களும் சாந்து உதிர்ந்த இடத்தைப் பூசி அடைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன், மெழுகு வகைகள் மேலே மூடி போடும். நான் பூசியது முதல் ரகம் மட்டும். ஏசி அறையின் வறண்ட காற்றில் அது பிடிக்கத் தண்ணீர் ஏது? தோலின் உள்ளிருந்து இழுத்த தண்ணீரும், மூடி இல்லாததால் ஆவியாகிப் போனது. முகம் ஈரமாக இருக்கும்போதே சீரத்தைப் பூசி, மேலே சாதாரண கிரீம் ஒன்றைத் தடவ ஆரம்பித்த பிறகு இழுப்பு நின்றது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தச் சீரமே தேவையில்லை. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கிளிசரின் அதே வேலையை மலிவாகச் செய்கிறது. மார்கழிப் பனியில் பாட்டி பன்னீரில் கலந்து கை காலில் தடவிவிட்டது இதைத்தான். என்ன, கலக்காமல் அப்படியே பூசக் கூடாது. பிசுபிசுப்பதோடு தோலின் தண்ணீரையே உறிஞ்சும். கிளிசரின் என்று பெரிய எழுத்தில் போட்டால் யாரும் 700 ரூபாய் கொடுக்க மாட்டார்கள், அதனால் அது பின்பக்கப் பொடி எழுத்திலேயே இருக்கிறது.

அந்தப் பொடி எழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. பொருட்களை அதிக அளவில் இருப்பதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் வரிசை அவர்கள் இஷ்டம். கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஃபினாக்ஸி எத்தனால் பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே முன்பக்கத்தில் மின்னுகிற குங்குமப்பூவோ கற்றாழையோ இந்தப் பெயருக்குப் பின்னால் நின்றால், பேருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். அதே பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீயரைல் ஆல்கஹால் என்று கண்டால் பயந்து வைத்துவிடாதீர்கள். பெயரில்தான் ஆல்கஹால், அவை கிரீமைக் குழைவாக்கும் கொழுப்புப் பொருட்கள், காயவைக்காது.

எண்ணெயில் பெரும்பாலும் எதிர்மாறாகச் செய்கிறோம். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம், ஆகவே உயர்ந்தது என்று நினைக்கிறோம். அதில் நிறைய இருக்கும் ஓலிக் அமிலம் சாந்தை இளக்கிவிடும். சமையலறையில் இருக்கும் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம், தோலுக்கு அதுவே மேல். தேங்காய் எண்ணெய்? குளித்த ஈரத்தோடு கை காலில் தடவ அருமை. பரு வருகிற முகத்தில் மட்டும் வேண்டாம், துளைகளை அடைக்கும்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இரண்டையும் முகத்துக்குச் சொல்பவர்களிடம் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சோப்பில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு, பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. முதல் தர டாய்லெட் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். நல்லதுதான், ஆனால் அது எவ்வளவு சோப்பு இருக்கிறது என்பதற்கான கணக்கு. மென்மைக்கான கணக்கு இல்லை. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு தோலுக்கு 5-ஐ ஒட்டியது, லேசான அமிலம். சோப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் 9, 10 என்று காரப் பக்கம்தான் நிற்கும். முகம் ஏற்கெனவே வறண்டு எரிகிறது என்றால் சோப்பை விடாமல் கிரீமை மட்டும் மாற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

சதவீதப் போட்டி ஒன்று நடக்கிறது. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) 2 முதல் 5 சதவீதமே போதும். தோல் தானே செராமைடு செய்ய அது உதவும். 10 சதவீதம் வாங்கிச் சிவந்துபோய் நிற்பவர்கள் பலர். யூரியாவும் அப்படித்தான்: 5, 10 சதவீதம் ஈரம் பிடிக்க, 20-க்கு மேல் தோலை உரிக்க. பித்தவெடிப்புக்கு வாங்கியதை முகத்தில் தடவாதீர்கள்.

பாதுகாப்பு என்றால் சன்ஸ்கிரீன். இதில் எண்ணைப் பார்த்து அளவை மறக்கிறோம். டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலை எரிக்கும் புறஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசினால்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இழுத்த இரண்டு கோடு வேண்டும். தினமும் ஒரு தடவை அப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு டியூப் தீபாவளிக்கு வாங்கியது சித்திரைக்கும் இருந்தது! மங்கு இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுப்பைக் கூட்டும். வெறும் வெள்ளை கிரீம் அதைச் சரியாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மெடிக்கல் ஷாப்பில் "முகம் பளிச்சென்று ஆகும்" என்று கொடுக்கும் சின்ன டியூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதையாவது அதில் படித்தால் அது ஸ்டீராய்டு. இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது; கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது. முதல் வாரம் முகம் மினுங்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் பருவும் எரிச்சலும் கொப்பளிக்கும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.