ஊருக்கு முன் மாதத்தைப் பாருங்கள்: வடக்கே சுற்றுலா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடநாட்டுச் சுற்றுலா கெட்டுப்போவதற்குச் சாப்பாட்டையும் மொழியையும் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது கெடுவது டிக்கெட் எடுக்கும் நாளிலேயே. பிள்ளைகளுக்கு எப்போது விடுமுறை என்று பார்க்கிறோம், ஆசைப்பட்ட ஊரைக் கொண்டுவந்து அதில் பொருத்துகிறோம். அந்த மாதத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று மட்டும் பார்ப்பதில்லை. மே மாதக் காசி, டிசம்பர் கடைசி வாரத்து ஆக்ரா, ஜூலை மாதக் கேதார்நாத் ஆகிய மூன்றும் அடிக்கடி நடக்கும் தவறான பொருத்தங்கள்.

விடுமுறையை மாற்ற முடியாது என்றால் ஊரை மாற்றுங்கள். கோடை விடுமுறையில் ராஜஸ்தான், காசி, ஆக்ரா, கஜுராஹோ எல்லாமே 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். கோட்டையின் கல்தரையிலும் படித்துறையிலும் பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அப்போது இமயமலைப் பக்கம் போகலாம். ஆனால் மே மாதத்தில் சிம்லாவும் மணாலியும் வண்டி நெரிசலில் திணறும் என்பதால், அதே இமாச்சலில் கின்னவுர் பக்கம் சாங்லா, கல்பா போவது நல்லது. சிக்கிமில் ஏப்ரல், மே மாதங்கள் ரோடோடெண்ட்ரான் பூக்கும் பருவம்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையைப் பலரும் வீணாக்குகிறார்கள். ஆண்டிலேயே மலைப் பயணத்துக்கு மிக நல்ல நாட்கள் அவை. மழை விடைபெறும், வானம் தெளியும், மலைப்பாதைகள் இன்னும் திறந்திருக்கும். லடாக், ஸ்பிதி, கேதார்நாத் எல்லாம் அப்போது சரியாக அமையும். ஜூலை, ஆகஸ்டில் உத்தராகண்டுக்குப் போனால் நிலச்சரிவில் சாலை அடைபட்டு நாள்கணக்கில் நிற்க நேரலாம். அந்தப் பருவத்தில் போவதற்குத் தகுந்த காரணம் பூக்களின் பள்ளத்தாக்கு ஒன்றுதான். ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருந்தாலும், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான் அங்கே பூக்கள் நிறைந்திருக்கும். மே மாத விடுமுறையில் போக நினைத்தால் கதவே திறந்திருக்காது. உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை. காங்காரியாவில் தங்கி, காலையில் ஏறி, மாலைக்குள் திரும்ப வேண்டும்.

அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் ராஜஸ்தான், கட்ச், ஹம்பி, அஜந்தா, எல்லோரா பொருந்தும். கட்ச்சின் வெள்ளை ரண் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிக் கிடக்கும். நீர் வற்றி உப்பு இறுகி வெள்ளைத் தரையாவதற்கு டிசம்பர் ஆகிவிடும். அக்டோபரிலேயே போகிறவர்கள் பார்ப்பது சேறுதான். பௌர்ணமியை ஒட்டித் தேதி அமைந்தால் இன்னும் நல்லது. விழாக் காலக் கூடாரத்தில் தங்கினால்தான் ரண்ணைப் பார்க்க முடியும் என்பதும் தவறான எண்ணம். சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள புஜ் நகரிலோ வழியில் உள்ள கிராமத்து மண்குடில்களிலோ தங்கி, பிரண்டியாரா சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பொங்கல் விடுமுறைக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: நமக்குத் தைப்பொங்கல் வருவதை ஒட்டி, ஜனவரி 14 அன்றுதான் அகமதாபாத்தில் உத்தராயணப் பட்டத் திருவிழா. பழைய நகரின் மொட்டை மாடிகள் அன்று நிரம்பி வழியும். அறையை முன்கூட்டியே பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி இறங்கும். அதிகாலைத் தாஜ்மகால் என்ற ஆசையோடு அப்போது போகிறவர்களுக்குச் சில நாட்களில் முன்வாசலிலிருந்து கல்லறை மாடமே தெரியாது. பனி பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் விலகும். டிக்கெட் உள்ளே நுழைந்ததிலிருந்து 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால், குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு நுழைவதே சரி. அதே பனியில் டெல்லி செல்லும் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சென்னையிலிருந்து சுமார் 33 மணி நேரம் ஓடிவரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இறங்கி, இரண்டு மணி நேர இடைவெளியில் அமிர்தசரசுக்கோ ஹரித்வாருக்கோ அடுத்த ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். நடுவில் ஒரு இரவு விடுங்கள். முடியாவிட்டால் இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் இணைத்துப் பதிவு செய்யுங்கள். பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருந்து, முதல் ரயில் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேட்க வழி உண்டு.

முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறக்கும் என்று இன்னும் நினைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்கள்தான். விடுமுறைத் தேதிகளுக்கு அந்த 60ஆம் நாள் காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறப்பதும் உண்டு. திரும்பும் நாளுக்கான 60 நாள் கணக்கு தனி.

கிழமைக் கணக்கில் பணமும் பயணமும் அதிகம் வீணாகின்றன. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி செங்கோட்டை, அக்ஷர்தாம், மும்பை எலிபெண்டா குகைகள் எல்லாம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டுக்கும் ஔரங்காபாத்தில்தான் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தங்குகிறோம். எனவே திங்கள் எல்லோரா, செவ்வாய் அஜந்தா என்று வைத்தால் சரியாக அமையும், வரிசையை மாற்றினால் இரண்டு நாளும் போய்விடும். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது அதைவிடப் பெரிய தவறு. எல்லோரா 30 கிலோமீட்டர், அஜந்தா சுமார் 100 கிலோமீட்டர், அதுவும் வேறு வேறு திசையில். அஜந்தாவில் சொந்த வண்டியைச் சில கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்தில்தான் போக வேண்டும்.

அஜந்தாவின் 30 குகைகளையும் வரிசையாக ஏறி இறங்கிக் களைத்துவிட்டு, ஓவியக் குகைகளில் இரண்டு நிமிடம் நிற்கிறார்கள். 1, 2, 16, 17 ஆகிய எண்ணுள்ள குகைகளுக்கு முதலில் போங்கள். உள்ளே வெளிச்சம் மங்கல். வெயிலிலிருந்து நுழைந்தவுடன் சுவர் கறுப்பாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் கண் பழகி, முகங்களும் நகைகளும் ஒவ்வொன்றாகத் துலங்கும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. எல்லோராக் குகைகள் மேற்குப் பார்த்தவை. கயிலாசநாதர் கோயிலான 16ஆம் குகையில் பிற்பகல் வெயில் நேராக விழும். காலையில் மற்றக் குகைகளைப் பார்த்துவிட்டு அதைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

வடகிழக்கில் கடிகாரமே ஏமாற்றும். நாடு முழுவதற்கும் ஒரே மணி, ஆனால் சூரியன் குவாஹாட்டியில் டிசம்பரில் நாலரை மணிக்கே மறைந்துவிடும். துவாரகையில் ஜனவரியில் விடியவே ஏழரை ஆகும். நம்மூர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பி, மாலை ஐந்தரைக்கு அருவி பார்ப்பதாக மேகாலயாவில் திட்டம் போட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறி, மூன்றரைக்குள் கடைசி இடத்தை முடித்துவிட வேண்டும். மேகாலயா, நாகாலாந்து, மிசோரமில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், ஷேர் சுமோவும் குறைவு. அந்த நாளை ஊர் மாறும் நாளாக வைக்காதீர்கள்.

மேகாலயாவில் இன்னொரு சிக்கல். சுமார் 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவிக்கு மழை வேண்டும். ஜனவரியில் போனால் அது ஒரு நூல்போல் இறங்கும். டாவ்கியில் படகின் நிழல் அடித்தரையில் விழும் அந்தப் பளிங்கு நீருக்கோ மழையே கூடாது. ஜூலையில் போனால் ஆறு கலங்கி ஓடும். இரண்டையும் ஒரே பயணத்தில் ஓரளவு நல்ல நிலையில் பார்க்க அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் வழி. நோங்ரியாட் ஈரடுக்கு வேர்ப்பாலத்துக்கு டிர்னாவிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் இறங்கிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற வேண்டும். பகல் பதினொன்றுக்கு மேல் இறங்கத் தொடங்காதீர்கள்.

இனி உயரம். மற்றத் தவறுகளால் பணமும் நாளும் போகும், இதில் உயிரே போகலாம். கடல்மட்டத்துச் சென்னையில் புறப்பட்டு டெல்லி மாறி அடுத்த நாள் 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரில் இறங்குகிறோம். அங்கே காற்றழுத்தம் நம்மூரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா கணவாயில், சுமார் 5,359 மீட்டரில், ஏறத்தாழ பாதி. உடல் அதற்குப் பழக நேரம் வேண்டும், உடற்பயிற்சி செய்து கட்டுடலாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். லேயில் இறங்கிய முதல் 48 மணி நேரம் ஊரைவிட்டு உயரே போகக் கூடாது. முதல் நாள் அறையிலேயே ஓய்வு, இரண்டாம் நாள் கடைவீதி வரை மெதுவான நடை. மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

பல பேக்கேஜ்களில் மூன்றாம் நாளே பாங்காங் ஏரியில் இரவுத் தங்கல் போட்டிருப்பார்கள். ஏரிக்கரை 4,200 மீட்டருக்கும் மேல். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தின் அடிப்படை விதி. எனவே லேயில் இரண்டு மூன்று இரவு, பிறகு நுப்ரா, கடைசியில் பாங்காங் என்று வரிசை கேளுங்கள். நுப்ராப் பள்ளத்தாக்கு லேயைவிடத் தாழ்வு. வழியில் கர்துங் லா உயரமாக இருந்தாலும் அங்கே படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் இறங்கிவிடலாம். தூங்கும் இடத்தின் உயரம்தான் கணக்கு.

லேசான தலைவலியும் பசியின்மையும் பலருக்கு வரும், ஓய்வில் தணியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். வண்டியில் உள்ள ஆக்சிஜன் உருளை இறங்கும் வழியில் உதவுமே தவிர, இறங்குவதற்கு மாற்று ஆகாது. உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விழுங்காதீர்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிதிக்கு மணாலி வழி தூரம் குறைவு என்று அப்படியே ஏறிவிடுகிறார்கள். ஒரே நாளில் 2,000 மீட்டர் மணாலியிலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலான குன்சும் லாவைத் தாண்டி 3,600 மீட்டரைத் தாண்டிய காசாவில் படுத்தால், முதல் இரவே தலை பிளக்கும். சிம்லா, கல்பா, தாபோ வழியாக நான்கு நாளில் மெல்ல ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஏறும் வழியில்தான் 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயமும் இருக்கிறது. குன்சும் லா பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதும் மலையில் உதவாது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்று போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. குவாஹாட்டியிலிருந்து அருணாசலத்தின் தவாங் சுமார் 500 கிலோமீட்டர். நம்மூர் நான்குவழிச் சாலையில் ஒரு பகல், அங்கே இரண்டு முழு நாள். முதல் இரவைத் திராங்கில் கழித்தால் உயரத்துக்கும் பழகும். சமவெளியிலும் எட்டு நாளில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், மணாலி, காசி என்று அடுக்குகிறார்கள். டெல்லியிலிருந்து மணாலி மட்டுமே பேருந்தில் 12 மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு ஊர்மாற்றமும் ஒரு நாளைத் தின்னும் என்று கணக்கிட்டால், எட்டு நாளுக்கு மூன்று ஊர்களே மிகுதி.

காசிக்கு நவம்பரும் பிப்ரவரியும் சிறந்தவை. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கும், படகுகள் நிற்கும், ஆரத்தியும் மேலே மாடிக்குப் போய்விடும். விசுவநாதர் கோயிலுக்குள் செல்பேசி, பை எதற்கும் அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் லாக்கர் தேடி அலைய வேண்டாம். நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழ்நாட்டு யாத்திரிகர்களுக்கு இடம் தருகிறது, ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். திதி கொடுக்க வருபவர்களுக்கு அனுமன் காட் பகுதியில் தமிழ் பேசும் புரோகிதர்கள் உண்டு. தட்சணை, பொருட்செலவு, படகு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாகத் தாள்களும் தொலைபேசியும். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மாநிலங்களுக்கு இந்தியர்களுக்கும் உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பர்மிட்) வேண்டும். இணையத்தில் வாங்கி, நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சாவடியில் ஒன்று வாங்கிக்கொள்வார்கள். சிக்கிமின் நாது லா கணவாய்க்குத் தனி அனுமதி, திங்கள், செவ்வாய் விடுமுறை. எல்லைப் பகுதிகளுக்கு ஆதாரை மட்டும் நம்பாமல் வாக்காளர் அட்டையும் இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்களும் கையில் இருக்கட்டும். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். குடும்பத்தில் ஒருவராவது கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யூபிஐ ஓடாது. லேயையோ திராங்கையோ விட்டு மேலே கிளம்பும் முன், அடுத்த மூன்று நாள் அறைக்கும் உணவுக்கும் டீசலுக்கும் வேண்டிய பணத்தை ரொக்கமாக எடுத்து, இரண்டு பேர் கையில் பிரித்து வையுங்கள்.