மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள்: இங்கிலாந்தில் ரிப்பீட் மருந்து கேட்கும்போது செய்யும் தவறுகள்

சென்னையில் இருந்தவரை அப்பாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்தால், காலி அட்டையோடு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனால் போதும். இங்கிலாந்துக்கு வந்த பிறகும் அதே பழக்கத்தில் இருந்துவிடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மருந்துச் சீட்டில் ‘ரிப்பீட்’ (டாக்டரை ஒவ்வொரு முறையும் பார்க்காமல் திரும்பத் திரும்ப வாங்கும் மருந்து) என்று இருந்தால் மாதாமாதம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி வராது. ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டும். ஜிபி சர்ஜரியில், அதாவது நம் குடும்ப டாக்டரின் கிளினிக்கில், அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு சீட்டு நாம் பதிந்து வைத்திருக்கும் பார்மசிக்குக் கணினி வழியாகப் போகும். பல சர்ஜரிகள் இதற்கு இரண்டு வேலை நாள் கேட்கின்றன. பார்மசிக்கு மேலும் ஓரிரு நாள் ஆகலாம்.

‘வேலை நாள்’ என்பதைக் கவனிக்காமல் நான் பட்ட பாடு மறக்காது. ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை இரவு, அப்பாவிடம் நான்கு மாத்திரை இருந்தபோது கேட்டேன். வெள்ளி முதல் திங்கள் வரை சர்ஜரி விடுமுறை. வியாழன் ஒரு நாள், அடுத்த செவ்வாய் ஒரு நாள் என்று இரண்டு வேலை நாள் முடிவதற்குள் மாத்திரை தீர்ந்துவிட்டது. அவர் சாப்பிடுவது பிஸோப்ரோலால்; இதயத் துடிப்பை மெதுவாக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை. அந்த வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தும், நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டும் அப்படித்தான். கடைசியில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் உதவி எண் 111-ஐ அழைத்து, ஒரு பார்மசியில் அவசரத்துக்குச் சில மாத்திரை வாங்கினோம். அந்த வழி உங்களுக்கும் உண்டு, ஆனால் அது அவசரத்துக்கு மட்டுமே. இப்போதெல்லாம் பத்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். ரொம்ப முன்கூட்டிக் கேட்டால் சர்ஜரி மறுத்துவிடலாம்.

கேட்கும் வழியிலும் தவறு நடக்கிறது. மருந்தின் பெயர் காதில் தவறாக விழுந்துவிடும் ஆபத்து இருப்பதால் பல சர்ஜரிகள் தொலைபேசியில் ஏற்பதில்லை. என்எச்எஸ் ஆப் சுலபம். பெற்றோருக்காக நீங்கள் கேட்பதானால் அவர்களின் கடவுச்சொல்லை வாங்கி நுழைய வேண்டாம்; அவர்கள் சார்பில் கேட்கும் அனுமதியைச் சர்ஜரியிலேயே பெறலாம். வீடு மாறினால் பார்மசியையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மருந்து பழைய ஊரில் காத்திருக்கும்.

அப்புறம், பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் டிக் செய்வது. ‘இருக்கட்டுமே’ என்று வாங்கிய களிம்பும் பாராசிட்டமாலும் அலமாரியில் காலாவதியாகும். பார்மசியை விட்டு வெளியே வந்த மருந்தை, பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் இன்னொருவருக்குத் தர மாட்டார்கள்; அழித்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலரை மாதாமாதம் கேட்க வேண்டியிருந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். வெறுமனே டிக் செய்துவிட்டுப் போகாமல் சர்ஜரியில் சொல்லுங்கள்.

ரிவ்யூ தேதி (உங்கள் மருந்துகள் இன்னும் சரிதானா என்று சர்ஜரியில் பார்க்கும் நாள்) வந்துவிட்டால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, சர்க்கரை மருந்துகளின் அளவை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அழைத்தும் போகாமலே இருந்தால் மருந்தைக் குறைந்த நாளுக்கு மட்டும் தரலாம், நிறுத்தியும் வைக்கலாம்.

காசு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 2024 மே மாதம் ஒரு மருந்துக்கான கட்டணம் 9.90 பவுண்டு ஆனது. 60 வயதானவர்களுக்கு இலவசம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும், தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் எல்லா மருந்தும் இலவசம்தான், ஆனால் கட்டண விலக்குச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நோய் இருக்கிறதே என்று அது இல்லாமல் ‘எனக்கு இலவசம்’ எனக் கையெழுத்திட்டால், கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம் வரலாம். மற்றவர்கள் ஆண்டுக்கு 11 மருந்துக்கு மேல் வாங்கினால், ஆண்டு முழுவதுக்கும் ஒரே தொகையாக முன்பே கட்டிவிடும் 114.50 பவுண்டு முன்கட்டணச் சான்றிதழே லாபம்.

ஊருக்குப் போகும்போது கடைசி வாரம் வரை காத்திருக்காமல், பயணத் தேதியைக் குறிப்பிட்டு மூன்று நான்கு வாரம் முன்பே கேளுங்கள். எவ்வளவு தருவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். மருந்துகளைப் பெயர் ஒட்டிய பெட்டியிலேயே, சீட்டின் நகலோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். விமானத்தின் சரக்கு அறைக் குளிரில் அது உறைந்து கெட்டுவிடலாம்.