மாலை கழற்றிய பிறகு: குடி, போதை, சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை தேடும் குடும்பங்களுக்கு

கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர், மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவதைக் குமரி மாவட்டத்தில் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. கடற்கரை ஊர்களில் இதுவே தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு வரும்போது நடக்கிறது. இத்தனை நாள் இருக்க முடிந்தவருக்கு, மனம் வைத்தால் முழுவதுமாக விட முடியாதா என்று வீட்டார் ஆத்திரப்படுவது இயல்புதான். ஆனால் குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் இருப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்காகச் சத்தியம், நேர்ச்சை, அழுகை, அடிதடி என்று இருக்கும் வலுவையெல்லாம் செலவழித்துவிட்டு, இரண்டாவது வேலையைத் தனியாக அவர் தலையில் விட்டுவிடுகிறோம். இந்த வழிகாட்டி இரண்டையும் பற்றியது. இரண்டாவதற்கே கூடுதல் கவனம் தேவை என்பது என் உறுதியான கருத்து.

ஏன் விட முடிவதில்லை?

உணவு, உறவு, பாராட்டு போன்றவை தரும் நிறைவை நினைவில் பதித்து, மறுபடியும் அதைத் தேடிப் போகத் தூண்டும் ஓர் அமைப்பு மூளையில் இருக்கிறது. டோபமின் என்னும் வேதிப்பொருள் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மது, கஞ்சா, புகையிலை, போதைக்காக விழுங்கப்படும் வலி மாத்திரைகள் ஆகிய எல்லாம் இந்த அமைப்பை இயற்கைக்கு மீறிய அளவில் தூண்டுகின்றன. பணம் வைத்து ஆடும் ஆட்டமோ எதையும் உட்கொள்ளாமலேயே இதே அமைப்பைப் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் பழைய அளவு போதாமல் ஆகிறது. அது இல்லாதபோது உடலும் மனமும் தவிக்கின்றன. அந்தக் கடை, அந்த நண்பர், அந்த நேரம் ஆகியவற்றைக் கண்டாலே ஏக்கம் எழுகிறது. 41 நாளில் உடல் தேறிவிடும், ஆனால் இந்த நினைவுப்பதிவு அழிவதில்லை. விரத காலத்தில் கறுப்பு வேட்டியும் குருசாமியும் கூட்டுப் பஜனையும் அவரைச் சுற்றி வேலியாக நின்றன. மாலை கழன்றதும் வேலி போய்விடுகிறது, பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

காரணம் ஒன்றே என்று சொல்ல முடியாது. மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அப்பாவும் தாத்தாவும் குடியால் அழிந்த வீட்டில் பிறந்த பையனுக்கு முதல் குவளையே மற்றவர்களைவிட ஆபத்தானது. மூளை முதிர்ச்சி அடையாத பதின்வயதில் தொடங்கினால் பிடி இன்னும் இறுகும். பள்ளி மாணவர்கள் உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலத்தைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. மனச்சோர்வு, பதற்றம், ஆறாத துயரம் ஆகியவற்றுக்குத் தானே எடுத்துக்கொண்ட மருந்தாகக் குடி தொடங்குவதும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கி புயலில் மகனையோ தம்பியையோ கடலுக்குக் கொடுத்தவர் தூக்கம் தேடி எதை நாடியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். தொழிலின் நேரமும் சேர்ந்துகொள்கிறது. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு முற்பகலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது.

நோய்தானா என்று அறிய, 1984இல் ஜான் யூயிங் என்ற மருத்துவர் வெளியிட்ட நான்கு கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? குடியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்வு ஏற்பட்டதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர முதல் வேலையாகக் குடித்ததுண்டா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவதற்கு மட்டும் ஆம் என்றாலும் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் அது உடல் மதுவைச் சார்ந்துவிட்டதன் அடையாளம்.

முதல் வேலை: ஆபத்தில்லாமல் நிறுத்துவது

நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பிறகு கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும். நாள், இடம், உறவு எதுவும் பிடிபடாது. சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைப் பறிக்கும். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி நேர்ந்தால் விரதத்தில் பிழை என்றும், ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகில் நேர்ந்தால் பேய் பிடித்தது என்றும் நினைத்துக் கயிறு கட்டுவதும் மந்திரிப்பதுமாகப் பொன்னான நேரம் வீணாகிறது. தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறவர்கள், கரையில் மருத்துவ உதவியோடு நிறுத்திய பிறகே படகேறுவது நல்லது. குழப்பமோ வலிப்போ கண்டால் 108க்கு அழைக்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். எங்கே போவதென்று தெரியாதபோது, 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய 14416 என்ற மனநல உதவி எண்ணையும், போதைப்பழக்கத்துக்கென்றே உள்ள 14446 என்ற எண்ணையும் அழைக்கலாம். மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்கி, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமினையும் ஊசியாகப் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர் உடலில் அது வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். அதனால் சோர்ந்து கிடக்கிறார் என்று அருகிலுள்ள கிளினிக்கில் குளுக்கோஸ் போட்டுக்கொண்டு வருமுன், அவர் குடிப்பவர் என்பதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலும் குழம்பிலும் மருந்தைக் கலந்து கொடுக்கலாம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். விளைவைத் தெரிந்து, தானே சம்மதித்து எடுப்பவருக்கு மட்டுமே மருத்துவர் இதைத் தருவார். கணவரைக் காப்பாற்றும் ஆசையில் ஒரு மனைவி செய்யும் இந்தக் காரியம் அவரைக் கொன்றுவிடக் கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாம் வேலை: நிறுத்தியபடி இருப்பது

மருத்துவமனையிலிருந்து தெளிந்து வந்தவரைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். உண்மையில் சிகிச்சை அன்றுதான் தொடங்குகிறது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் உள்ளன. கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். இவற்றை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். ஹெராயின், போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைகள் போன்ற அபின் வகைப் போதைக்குப் புப்ரனார்ஃபின் என்ற மருந்தை மேற்பார்வையோடு தருகிறார்கள். இவ்வகைப் போதையைச் சில வாரம் நிறுத்தியவர் மறுபடி பழைய அளவை எடுத்தால், உடலின் தாங்கும் திறன் குறைந்துவிட்டதால் மூச்சு நின்று இறக்கக்கூடும் என்பதை அவருடைய நண்பர்களும் அறிந்திருக்க வேண்டும்.

மருந்தோடு வேலியும் வேண்டும். ஏக்கம் எழும் நேரத்தையும் இடத்தையும் அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பால் வெட்டு முடிந்த நண்பகலா, படகு கரை சேர்ந்து பங்குப் பணம் கைக்கு வரும் நாளா, கல்யாண வீட்டின் பின்பக்கமா என்று தெரிந்தால், அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்யலாம். பங்குப் பணத்தை அவரே விரும்பி மனைவி கணக்குக்கு நேராகப் போடச் சொல்வதும், முதல் சில மாதம் விருந்துக்குப் பிள்ளைகளோடு போய் உண்டவுடன் திரும்புவதும் சின்ன ஏற்பாடுகள்தான், ஆனால் பலன் பெரிது. ஏக்கம் அலைபோல் எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க அழைக்க ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் கூடுபவர்கள் தங்களைக் குடிநோயாளிகள் என்றே சொல்லிக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, பெயரும் வெளியே போகாது. குருசாமி கொடுத்த துணையை ஆண்டு முழுவதும் கொடுக்கக்கூடியது அத்தகைய கூட்டம்.

அவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், அன்றிரவு சண்டை வேண்டாம். போதையில் இருப்பவரிடம் பேசுவது சுவரிடம் பேசுவது போன்றது. மறுநாள் காலையில், "நேற்று என்ன ஆனது, எங்கே தொடங்கியது" என்று கேட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை கூடியவரை நாம் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை; மருந்தின் அளவைத்தான் மாற்றுகிறோம்.

சூதாட்டமும் கைப்பேசி ஆட்டமும்

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டாலும், களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டு கிடைக்கிறது. இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசும், 2025இல் மத்திய அரசும் சட்டம் இயற்றியுள்ளன; ஆனால் கைப்பேசிக்குள் புகுந்த பழக்கம் சட்டத்தால் மட்டும் போவதில்லை. எப்போது பரிசு விழும் என்று தெரியாத நிலைதான் இதன் பிடி: பத்து முறை தோற்றவருக்குப் பதினோராவது முறை விழுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பே போதை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் சூதாட்டக் கோளாறும் ஆட்டக் கோளாறும் இடம்பெற்றுள்ளன. கட்டுப்பாடு போய், படிப்பையும் தூக்கத்தையும் தள்ளிவைத்து, கேடு வந்த பிறகும் தொடர்வது பொதுவாக ஓர் ஆண்டு நீடித்தால்தான் அது நோய். விடுமுறையில் நிறைய ஆடும் பையனுக்கு உடனே நோயாளிப் பட்டம் கட்ட வேண்டாம்.

சூதாட்டத்தில் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, நகையை அடகு வைத்துக் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டு, இனிமேல் செய்யாதே என்று விட்டுவிடுவது. அது அவருக்குப் புதிதாக ஆடப் பணம் கொடுத்ததாகவே முடிகிறது. முதலில் கடன் பட்டியல் முழுவதையும் எழுத வையுங்கள். கடன் செயலிகளை நீக்குங்கள். வங்கிக் கணக்கையும் பணம் அனுப்பும் செயலியையும் அவர் சம்மதத்தோடு வேறொருவர் பார்வையில் வையுங்கள். பிறகு தவணையாகக் கடனை அடையுங்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. கடன் வெளியே தெரியும் நாள்களில் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் அவரைத் தனியே விடாதீர்கள்; வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை.

மையம் தேடும்போதும், அவர் வர மறுக்கும்போதும்

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்குமுன் அரசுப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எவ்விதத்திலும் அனுமதிக்கவில்லை. அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்திலிருந்து அப்போதே திரும்பிவிடுங்கள்.

அவர் வரவே மறுத்தால், மனைவியோ அம்மாவோ தனியாகப் போய் மருத்துவரைப் பார்க்கலாம். எப்போது பேசுவது, எந்தக் கடனை அடைக்காமல் விடுவது, குடிக்காத நாளில் எப்படிப் பாராட்டுவது என்று வீட்டார் கற்றுக்கொண்டால், வர மறுத்தவரும் பின்னர் வருவதுண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் உண்டு. வீட்டில் அடி விழுந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். அவர் நோயாளி என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.